தேவ பராமரிப்பை நம்புவதும் அன்பினால் பதிலளிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேவன் நம்மைப் பராமரிக்கிறார் என்ற நம்பிக்கை ஆராதனையில் பாடலாக வருகிறது. வேலை பறிபோன மாதத்திலும், மருத்துவ அறிக்கை கைக்கு வந்த அன்றும் அதே நம்பிக்கை கேள்வியாக வருகிறது. அப்படி வேத பாட வகுப்புகளிலும் தனிப்பட்ட உரையாடல்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. வசனங்கள் சபைகளில் பரவலாக வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பின்படி எடுத்தாளப்பட்டுள்ளன.

தேவ பராமரிப்பு என்று கிறிஸ்தவர்கள் எதைச் சொல்கிறார்கள்?

உலகத்தைப் படைத்தவர் அதை அதன் போக்கில் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. அதைத் தாங்குகிறார், ஆளுகிறார், தாம் குறித்த முடிவை நோக்கி நடத்துகிறார் என்ற விசுவாசத்தையே அப்படிச் சொல்கிறோம். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையினர், சீர்திருத்த சபையினர் ஆகிய அனைவருக்கும் இது பொதுவானது. 1563-இல் ஜெர்மனியில் வெளியான ஹைடல்பர்க் வினாவிடை என்ற போதனை நூல், மழையும் வறட்சியும், விளைச்சலும் பஞ்சமும், சுகமும் நோயும் தற்செயலாக வராமல் ஒரு தகப்பனுடைய கையிலிருந்து வருகின்றன என்று கூறுகிறது. அத்தோடு நில்லாமல், இதை அறிந்துகொள்வதால் நமக்கு என்ன பயன் என்று அடுத்த வினாவிலேயே கேட்டு, துன்பத்தில் பொறுமை, செழிப்பில் நன்றி, வரப்போவதைக் குறித்து நம்பிக்கை என்று பதிலளிக்கிறது. போதனையை எழுதியவர்கள் பயனையும் உடனே கேட்டிருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இயேசு இதை அடைக்கலான் குருவிகளைக் கொண்டு கற்பித்தார். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள் விற்கப்படுகின்றன. லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கணக்குப்படி நான்குதான் வரவேண்டும்; ஐந்தாவது குருவி கொசுறு. விலையே இல்லாத அந்தக் குருவியையும் சேர்த்துத்தான், "அவைகளில் ஒன்றாகிலும் தேவனால் மறக்கப்படுவதில்லை" என்று அவர் சொன்னார்.

எல்லாம் விதிப்படி நடக்கும் என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

விதியிடம் யாரும் முறையிடுவதில்லை. சங்கீதக்காரனோ, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்கிறான்; கேட்டதற்காக அவன் தண்டிக்கப்படவில்லை, அவனுடைய கேள்வி வேதத்திலேயே இடம்பெற்றுவிட்டது. மேலும், விதியை நம்பினால் மனிதனுடைய செயலுக்குப் பொறுப்பு இல்லாமற்போகும். கடைசி இராப்போஜனத்தில் இயேசு யூதாஸைக் குறித்துப் பேசும்போது, மனுஷகுமாரன் தீர்மானிக்கப்பட்டபடியே போகிறார் என்றும், அவரைக் காட்டிக்கொடுக்கிற மனுஷனுக்கு ஐயோ என்றும் ஒரே மூச்சில் சொல்கிறார். இவை இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் பற்றி இறையியலாளர்கள் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக வாதிட்டு வருகிறார்கள். வாதம் முடியாவிட்டாலும், இரண்டில் ஒன்றைக் கைவிட்டுவிட வேதம் இடங்கொடுக்கவில்லை.

எல்லாம் அவர் கையில் இருக்கிறதென்றால் நாம் ஏன் திட்டமிட வேண்டும், உழைக்க வேண்டும்?

அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால் இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் கிடைக்கும். பவுல் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படுகிறார். கப்பல் பல நாட்களாகப் புயலில் சிக்கியிருக்கிறது. கப்பலிலுள்ள ஒருவனுக்கும் பிராணச்சேதம் வராது என்று தேவதூதன் அவருக்கு வாக்குக்கொடுத்தாகிவிட்டது. நம்மில் சிலர் அவருடைய இடத்தில் இருந்திருந்தால் இனிச் செய்ய வேண்டியது ஏதுமில்லை என்று படுத்துறங்கியிருப்போம். ஆனால் கப்பலாட்கள் நங்கூரம் போடுவதாகச் சாக்குச் சொல்லிப் படவை இறக்கித் தப்பிக்கப் பார்த்தபோது, பவுல் நூற்றுக்கு அதிபதியிடம் போய், "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்கிறார். போர்ச்சேவகர் கயிறுகளை அறுத்துவிடுகிறார்கள். பொழுது விடியும் வேளையில், பதினாலு நாள் ஒன்றும் சாப்பிடாமல் காத்திருந்தவர்களை அவர் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தி, அப்பத்தை எடுத்து எல்லாருக்கும் முன்பாக ஸ்தோத்திரம் பண்ணி, தாமே முதலில் புசிக்கத் தொடங்குகிறார். கப்பலில் இருந்த 276 பேரும் சாப்பிட்டபின் மீதமிருந்த கோதுமை கடலில் எறியப்படுகிறது; நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் கரை சேருகிறார்கள். வாக்குத்தத்தம் நிறைவேறிய வழி கயிறும் அப்பமும் பலகையுமாக இருந்தது.

திட்டமிடுவதை யாக்கோபின் நிருபமும் கண்டிக்கவில்லை. இன்ன பட்டணத்துக்குப் போவோம், ஒரு வருஷம் வியாபாரம் செய்வோம், இலாபம் சம்பாதிப்போம் என்று நாளையைத் தன் சொத்தாகப் பேசுகிறவரிடம், "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறது. எகிப்தை நிர்வகித்த யோசேப்பு செழிப்பான ஏழு வருஷமும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைக் களஞ்சியங்களில் சேர்த்து வைத்தது அவிசுவாசத்தினால் அன்று. வரப்போகும் பஞ்சத்தைத் தேவன் அறிவித்ததே அப்படிச் சேர்த்து வைப்பதற்காகத்தான்.

மருந்து, தடுப்பூசி, காப்பீடு போன்றவற்றை நாடுவது விசுவாசக் குறைவா?

இல்லை. 1527-இல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரத்தில் கொள்ளைநோய் பரவியபோது பல்கலைக்கழகம் வேறு நகரத்துக்கு மாற்றப்பட்டது. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் அங்கேயே தங்கி நோயாளிகளைக் கவனித்தார், அவருடைய வீடே மருத்துவமனை போல ஆனது. கொள்ளைநோய்க்குத் தப்பி ஓடலாமா என்று ப்ரெஸ்லாவ் நகரத்துப் போதகர் கேட்டதற்கு அவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சாரம் இது: தேவனுடைய பாதுகாப்புக்காக ஜெபிப்பேன், வீட்டைப் புகைபோட்டுச் சுத்தம் செய்வேன், மருந்து கொடுப்பேன், மருந்து உட்கொள்வேன், நான் தேவைப்படாத இடங்களுக்குப் போய்ப் பிறருக்கு நோயைப் பரப்பமாட்டேன், ஆனால் அயலானுக்கு நான் தேவையென்றால் தயங்காமல் போவேன். முன்னெச்சரிக்கையையும் துணிவையும் அவர் அயலானுடைய நன்மை என்ற ஒரே அளவுகோலால் அளந்திருக்கிறார்.

தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி இயேசுவிடம் சொன்ன பிசாசும் ஒரு வாக்குத்தத்த வசனத்தைத்தான் காட்டினான் என்பதை, மருந்தை நிறுத்திவிடும்படி பிறருக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

"கவலைப்படாதிருங்கள்" என்று இயேசு சொன்னபின்பும் எனக்குக் கவலை வருகிறது. அது பாவமா?

"அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசு சொன்னபோது, பாடு இருக்கும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். பிலிப்பியருக்கு ஒன்றுக்கும் கவலைப்படாதிருங்கள் என்று எழுதிய அதே பவுல், எல்லாச் சபைகளையும் குறித்த கவலை தம்மை நாள்தோறும் நெருக்குகிறது என்று கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். பிறர்மேல் உள்ள அக்கறை மனதை அழுத்துவதும், நாளையைத் தன் கைக்குள் அடக்கிவிடத் துடிப்பதும் ஒன்றல்ல. கவலை எழுவதை உங்களால் தடுக்க முடியாமற்போகலாம். எழுந்த கவலையை, அது எழுந்த அந்த நேரத்திலேயே, "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால்" என்ற காரணத்தோடு தேவன்மேல் வைப்பதுதான் பேதுரு கற்றுத்தரும் பழக்கம். ஒரே நாளில் பலமுறை வைக்க நேர்ந்தாலும் அது தோல்வி அல்ல.

உறக்கமும் பசியும் கெட்டு, அன்றாட வேலை நின்றுபோகும் அளவுக்குப் பதற்றம் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். சூரைச்செடியின் கீழே படுத்துச் சாகவேண்டுமென்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தேவன் அவனோடு பேசியது அதற்குப் பின்புதான்.

எனக்கு நேர்ந்த தீமையையும் தேவன்தான் செய்தாரா?

இந்தப் பக்கத்திலேயே மிகக் கடினமான கேள்வி இதுதான். அவசரமாகப் பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் புண்படுத்திவிடுகிறார்கள். யோசேப்பு தன்னை அடிமையாக விற்ற சகோதரரிடம் சொன்ன வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம்: "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ, இப்பொழுது நடந்துவருகிறபடியே, வெகு ஜனங்களை உயிரோடே காக்கும்படிக்கு, அதை நன்மையாக முடியப்பண்ணினார்." இதில் தீமை தீமையாகவே பெயரிடப்படுகிறது. சகோதரர்கள் செய்தது நல்ல காரியம் என்றோ, அது வலிக்கவில்லை என்றோ அவன் சொல்லவில்லை. அவர்களுடைய நோக்கம் ஒன்று, தேவனுடைய நோக்கம் வேறொன்று. ஒரே நிகழ்ச்சியில் இரண்டும் இருந்தன, கடைசி வார்த்தை தேவனுடையதாக இருந்தது.

இந்த வாக்கியம் எப்போது, யாரால், யாரிடம் சொல்லப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். யோசேப்பு விற்கப்பட்டபோது அவனுக்கு வயது 17. பார்வோனுக்கு முன்பாக நின்றபோது 30. அதற்குப் பின் ஏழு வருஷச் செழிப்பும், பஞ்சத்தில் இரண்டு வருஷமும் கடந்தே அவன் தன்னைச் சகோதரருக்கு வெளிப்படுத்தினான். இந்த வாக்கியத்தைச் சொன்னதோ அதற்கும் பிறகு, தகப்பன் யாக்கோபு இறந்தபின். குழியிலோ சிறையிலோ இருந்தபோது யாரும் அவனிடம் வந்து, இதெல்லாம் நன்மைக்கே என்று விளக்கியதாக ஆதியாகமம் சொல்லவில்லை. கர்த்தர் அவனோடே இருந்தார் என்று மாத்திரம் சொல்கிறது. இடைப்பட்ட காலத்தில் அவன் பலமுறை அழுதிருக்கிறான். விளக்கம் வந்தபோது, துன்பப்பட்டவனே தன் வாயால், தனக்குத் துன்பம் செய்தவர்களைத் தேற்றுவதற்காக அதைச் சொன்னான். ஆகவே பராமரிப்பைப் பற்றிய இந்தச் சாட்சி பாதிக்கப்பட்டவரிடமிருந்து வரவேண்டிய சாட்சி. அதை அவர் சார்பில் நாம் முந்திக்கொண்டு சொல்வது முறையாகாது.

நீதிமானாயிருந்தும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையில் அதற்கான காரணம் கடைசிவரை யோபுவுக்குச் சொல்லப்படவே இல்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைக் குறித்துப் பேசும்போது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைப்பதை இயேசு மறுத்தார். கோபுரம் ஏன் விழுந்தது என்று அவரும் விளக்கவில்லை. சில காரியங்களுக்கு இந்த வாழ்நாளில் காரணம் கிடைக்காது என்று ஒப்புக்கொள்வது விசுவாசத்துக்கு எதிரானதன்று.

துக்கத்தில் இருப்பவரிடம் "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று சொல்லலாமா?

வசனம் உண்மையானது, சொல்லும் நேரமும் சொல்கிறவரும் அதைக் காயமாக்கிவிடக் கூடும். ரோமர் 8:28-ஐ பவுல் எழுதியது சிருஷ்டி முழுவதும் தவிக்கிறது, நாமும் தவிக்கிறோம், ஆவியானவரும் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று சொல்லி முடித்த பிறகு. பெருமூச்சுகளைத் தாண்டிக் குதித்து அந்த வசனத்துக்கு வந்துவிட முடியாது. மேலும் அடுத்த வசனம், அந்த நன்மை எது என்பதையும் சொல்லிவிடுகிறது: தமது குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாக்கப்படுவது. இழந்த வேலைக்குப் பதிலாக இதைவிடப் பெரிய வேலை கிடைக்கும் என்ற பொருளை அங்கே நாமாகப் புகுத்தக் கூடாது.

துக்க வீட்டில் நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். அடக்க ஆராதனை முடிந்து வந்த இளம் விதவையிடம் ஒருவர், "ஆண்டவருக்கு அவர் தேவைப்பட்டார்" என்கிறார். இன்னொருவர், "இதிலும் ஒரு நோக்கம் இருக்கும்மா" என்கிறார். அவள் தலையை ஆட்டுகிறாள், ஏனென்றால் வேறென்ன செய்வாள்? அதே நேரத்தில் சமையலறையில் ஒரு பெண் யாரிடமும் எதுவும் பேசாமல் பாத்திரங்களைக் கழுவி, பிள்ளைகளைச் சாப்பிட வைத்து, பள்ளிக்கூடப் பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். தேவன் விசாரிக்கிறார் என்பதற்கு அந்த வீட்டில் அன்று கிடைத்த ஆதாரம் அவள்தான் என்பது என் கணிப்பு.

யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல சிநேகிதர். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபின் நடந்ததற்குத்தான் தேவன் கோபங்கொண்டார். இறந்துபோன தம் சிநேகிதன் லாசருவை இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார். "அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்ற கட்டளைக்கு விளக்கவுரை தேவையில்லை.

பராமரிப்பை நம்புவதற்கும் அன்புக்கும் உண்மையில் என்ன தொடர்பு?

பயப்படுகிறவனுடைய கை மூடிக்கொள்கிறது. நாளைக்கு எனக்கு என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு, இன்று பக்கத்தில் இருப்பவருக்கு என்ன ஆகிறது என்று பார்க்க நேரமும் மனமும் இருப்பதில்லை. என் தேவைகளைத் தகப்பன் அறிந்திருக்கிறார் என்று நம்பும்போது, என்னைக் காத்துக்கொள்வதற்காக நான் செலவிட்டுக்கொண்டிருந்த பலம் விடுபடுகிறது. அது அயலானிடம் போகவேண்டும் என்பதே வேதத்தின் எதிர்பார்ப்பு. "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்" என்று யோவான் எழுதிய வரிசையில் அவருடைய அன்பு முதலில் வருகிறது, நம்முடைய அன்பு அதற்குப் பதிலாக வருகிறது. அதே நிருபம், உலக ஆஸ்தி உடையவன் சகோதரனுக்குக் குறைச்சலுண்டென்று கண்டும் இருதயத்தை அடைத்துக்கொண்டால் தேவ அன்பு அவனுக்குள் நிலைகொள்ளுவது எப்படி என்று கேட்கிறது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்ற உணவு ஆளுக்கு ஓர் ஓமர் அளவு கொடுக்கப்பட்டது. மறுநாளைக்கென்று பதுக்கியது பூச்சி பிடித்து நாறியது. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்காகக் கொரிந்து சபையில் காணிக்கை சேர்க்கும்போது பவுல் அந்த மன்னாவைத்தான் நினைவுபடுத்துகிறார்: மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு அதிகமானதுமில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவானதுமில்லை. வனாந்தரத்தில் வானத்திலிருந்து நேராக வந்த சமநிலை, சபையில் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குப் போவதால் வரவேண்டும் என்பது அவருடைய வாதம்.

இதை நடைமுறையில் காட்டும் புத்தகம் ரூத். மோவாபிலிருந்து வந்த விதவை கதிர் பொறுக்கப் போகிறாள். தற்செயலாக அவள் போன வயல் போவாசுடையதாக இருக்கிறது. அது தற்செயல் அல்ல என்று வாசகருக்குத் தெரியும், ஆசிரியரும் அதை வெளிப்படையாகச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். கர்த்தருடைய செட்டைகளின்கீழ் அடைக்கலமாய் வந்த உனக்கு நிறைவான பலன் கிடைப்பதாக என்று போவாஸ் ஆசீர்வதிக்கிறான். ஆசீர்வதித்துவிட்டு அவளைப் பசியோடு அனுப்பவில்லை. சாப்பாட்டு வேளையில் அவளை உட்காரவைத்து வறுத்த கோதுமையைக் கொடுக்கிறான். அரிக்கட்டுகளிலிருந்து சிலவற்றை வேண்டுமென்றே சிந்தவிடும்படியும் அவளை அதட்டாதிருக்கும்படியும் வேலைக்காரருக்குக் கட்டளையிடுகிறான். அன்று சாயங்காலம் அவள் தட்டி எடுத்த வாற்கோதுமை ஏறக்குறைய ஒரு மரக்கால். அந்நியனும் திக்கற்றவனும் விதவையும் எடுத்துக்கொள்ள வயலில் விட்டுவிட வேண்டும் என்ற மோசேயின் நியாயப்பிரமாணம் ஏற்கெனவே இருந்தது. அந்தப் பிரமாணமும், அதைத் தாராளமாகக் கைக்கொண்ட ஒரு மனிதனும், உழைக்க வெட்கப்படாத ஒரு பெண்ணும் சேர்ந்தபோது தேவ பராமரிப்பு நடந்தது. கடைசியில் போவாஸ் அவளை மணந்து, தான் கேட்ட ஆசீர்வாதத்துக்குத் தானே பதிலாகவும் ஆனான்.

நானே நெருக்கடியில் இருக்கும்போது பிறருக்குக் கொடுக்க வேண்டுமா? கொடுத்தால் பல மடங்கு திரும்பக் கிடைக்குமா?

திரும்பப் பல மடங்கு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது முதலீடு. அதை விசுவாசத்தின் பெயரால் கற்பித்து, கடனிலிருக்கும் குடும்பங்களின் கடைசிப் பணத்தையும் வாங்கிக்கொள்கிறவர்களைச் சபை கண்டிக்க வேண்டும். மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்திலும் உதாரமாகக் கொடுத்தன என்று பவுல் பாராட்டுகிறார் என்பது உண்மை. ஆனால் ஒருவன் தனக்கு இல்லாததன்படியல்ல, உள்ளதன்படியே கொடுத்தால் அங்கீகரிக்கப்படும் என்றும், மற்றவர்களுக்குச் சகாயமும் உங்களுக்கு வருத்தமும் உண்டாக வேண்டும் என்பது என் கருத்தல்ல என்றும் அதே அதிகாரத்தில் எழுதுகிறார். பணம் இல்லாதவரிடம் நேரம் இருக்கலாம். நேரம் இல்லாதவர் தொலைபேசியில் ஐந்து நிமிடம் கேட்க முடியும்.

விசுவாசத்தினால் வாழ்ந்தவர் என்று அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறவர் ஜார்ஜ் முல்லர். 1836-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் அனாதைப் பிள்ளைகளுக்கான முதல் இல்லத்தைத் தொடங்கி, தமது வாழ்நாளில் பத்தாயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளை அவர் பராமரித்தார். மனிதரிடம் நன்கொடை கேட்பதில்லை என்பது அவருடைய கொள்கை. பிரசங்கங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்று உண்டு: வந்த தொகைகளையும் செலவுகளையும் மிக நுணுக்கமாகக் குறித்து ஆண்டறிக்கையாக வெளியிட்டவரும் அவரே. தேவன் தருவார் என்று நம்புகிறவர் கணக்குப் புத்தகத்தை மூடிவைக்க வேண்டியதில்லை.

எனக்குத் தீமை செய்தவரிடமும் அன்பு காட்ட வேண்டுமா? கொடுமையைச் சகித்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை. "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்" என்று கர்த்தர் சொல்வதால்தான், தீமையை நன்மையினாலே வெல்லும்படி ரோமர் 12 நம்மைக் கேட்க முடிகிறது. நியாயம் தேவனுடைய கையில் பத்திரமாக இருக்கிறது, அதை நான் என் கையில் எடுக்க வேண்டியதில்லை. அடுத்த அதிகாரமே, தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் அதிகாரம் அரசாங்கத்துக்குத் தேவனால் கொடுக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. எனவே காவல் நிலையத்துக்குப் போவதும் நீதிமன்றத்தை நாடுவதும் பழிவாங்குதல் ஆகாது. வீட்டில் அடிபடுகிற ஒருவரை, சிலுவையைச் சுமந்துகொள்ளுங்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பும் ஆலோசகர் வேதத்தைத் தவறாகக் கையாளுகிறார். அவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவதே அந்நேரத்தில் அன்பின் முதல் வேலை.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், தொழுநோயாளிகளிடையே பணிசெய்துவந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெய்ன்ஸ் தம் இரு மகன்களோடு வாகனத்திலேயே எரித்துக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் கொலையாளிகளை மன்னிப்பதாக வெளிப்படையாக அறிவித்தார். வழக்கோ நீதிமன்றத்தில் அதன் வழியில் நடந்தது. அவர் உடனே தாய்நாட்டுக்குத் திரும்பிவிடாமல், கணவர் விட்டுச்சென்ற பணியைச் சில ஆண்டுகள் தொடர்ந்தார். 2005-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மன்னிப்பு ஒரே நாளில் முடியாமலும் போகலாம். யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் வாழ்ந்து இறந்தபின்னும், யோசேப்பின் சகோதரர்கள் அவன் இனிப் பழிவாங்குவான் என்று பயந்தார்கள். அவன் மறுபடியும் அழுது, மறுபடியும் அதே உறுதியைக் கொடுத்து, "நான் உங்களையும் உங்கள் குழந்தைகளையும் பராமரிப்பேன்" என்றான். தேவன் தன்னைக் காத்தார் என்று அறிந்துகொண்டவன், தன்னை விற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சோறு போட்டான்.

பல வருடங்களாக ஜெபித்தும் பதில் இல்லை. காத்திருப்பதற்கு அர்த்தம் என்ன?

"நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற எரேமியா 29:11 பலருடைய வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. அதே காலத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஜனங்களுக்கு இனிப்பாக இருந்த அந்தச் செய்தி பொய்யானது. காத்திருக்கும் 70 வருஷத்தில் என்ன செய்வது என்றும் எரேமியா எழுதினான்: வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், உங்களைச் சிறையாக்கிக் கொண்டுபோன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள். கேட்ட விடுதலை வருமுன்னே, விரும்பாத ஊரில், விரும்பாத மனிதருக்கு நன்மை செய்யத் தொடங்கச் சொல்லும் கடிதம் அது.

பதில் "இல்லை" என்றும் வரலாம். பவுல் தம் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், முள் நீங்கவில்லை. கெத்செமனேயில் குமாரனே கேட்டார், பாத்திரம் நீங்கவில்லை. ஆகவே பதில் கிடைக்காததை உங்கள் விசுவாசக் குறைவுக்கு அத்தாட்சியாக யாராவது காட்டினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

தேவ சித்தத்தை அடையாளங்களைக் கொண்டு அறியலாமா?

வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து விரல் பட்ட வசனத்தின்படி திருமணத்தையும் வேலையையும் முடிவுசெய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மறைவானவைகள் கர்த்தருக்கே உரியவைகள், வெளிப்படுத்தப்பட்டவைகளோ நமக்குரியவைகள் என்று உபாகமம் சொல்கிறது. நேர்மை, இரக்கம், அயலானுடைய நன்மை ஆகியவை ஏற்கெனவே வெளிப்படுத்தப்பட்டவை. அவற்றுக்கு உட்பட்ட இரண்டு நல்ல வழிகள் எதிரே இருந்தால், ஜெபித்து, அனுபவமுள்ளவர்களிடம் கேட்டு, ஒன்றைத் தெரிந்துகொண்டு போகலாம். பராமரிப்பு பெரும்பாலும் திரும்பிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது.

அன்பு காட்ட மனமே வராத நாட்களில் என்ன செய்வது?

மனம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நல்ல சமாரியன் காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான். அவன் மனதுருகியது ஒரு வார்த்தையிலும், அவன் செய்தவை ஒரு பட்டியலாகவும் சொல்லப்படுகின்றன. களைத்துப்போயிருப்பதால் மனம் வராவிட்டால் ஓய்வெடுங்கள். அவனும் மீதிப் பராமரிப்பைச் சத்திரக்காரனிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் வழியே போனான்.

இதைத் தனியாளாக அன்றி ஒரு சபையாக எப்படிச் செய்வது?

உலகமெங்கும் பஞ்சம் வரப்போகிறது என்று அகபு என்ற தீர்க்கதரிசி அந்தியோகியாவில் அறிவித்தபோது, அந்தச் சபை தேவன் ஏன் பஞ்சத்தை அனுமதிக்கிறார் என்று விவாதித்ததாக லூக்கா எழுதவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் திராணிக்குத் தக்கதாக யூதேயாவிலுள்ள சகோதரருக்கு உதவி அனுப்பத் தீர்மானித்து, அதைப் பர்னபா, சவுல் (பவுல்) என்பவர்கள் கையில் மூப்பர்களிடம் அனுப்பினார்கள். எருசலேமிலும், அன்றாடப் பந்தி விசாரணையில் சில விதவைகள் விடுபட்டபோது, அதற்கென்றே ஏழு பேர் பொறுப்பாக நியமிக்கப்பட்டார்கள்.

உங்கள் சபையிலும் வேலையிழந்தவர்கள், நீண்டகால நோயாளிகள், தனித்து வாழும் முதியோர் ஆகியோரின் பட்டியல் ஒன்றை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மாதம் ஒருமுறையாவது நேரில் போய்ப் பார்க்க ஒருவருடைய பெயரை எழுதலாம். மருந்துக்கும் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் உதவ ஒரு நிதியை ஒதுக்கி, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்பதை இரண்டு மூன்று பேருக்குள் வைத்துக்கொண்டு, மொத்தத் தொகையை மாத்திரம் சபைக்குச் சொல்லலாம். ஆண்டுக் கணக்கில் இப்படி ஒரு செலவினம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே அதைக் கேளுங்கள்.